போர் விமானம் ஓட்டாமல் விண்வெளிக்குப் போக முடியுமா?

நம் ரீயூனியன் தீவின் சென்-பெனுவாவிலிருந்து ஒரு தாயார் கேட்டது: "என் மகள் லிசேயில் (மேல்நிலைப் பள்ளியில்) இரண்டாம் ஆண்டு. கணிதமும் இயற்பியலும் எடுத்திருக்கிறாள். ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்ட வேண்டும், அதற்குப் பிறகு விண்வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள். என் தம்பி சிரிக்கிறான். விண்வெளிக்குப் போனவர்கள் எல்லாரும் ஜெட் ஓட்டியவர்கள், ஹெலிகாப்டரில் ஏறினால் அதோடு முடிந்தது என்கிறான். பிள்ளை முகம் வாடிவிட்டது. உண்மை எது?"

24 ஆகஸ்ட் 2025

உங்கள் தம்பி சொல்வது சரியில்லை. பிரான்சிலிருந்து 2026-இல் விண்வெளிக்குப் போக எடுக்கப்பட்டது யார் என்று அவரைக் கேளுங்கள். சோஃபி அதெனோ. விமானப்படையின் ஹெலிகாப்டர் விமானி. 2026-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போக ஐரோப்பிய விண்வெளி முகமை அவரை நியமித்தது. பயணத்தின் பெயர் எப்ஸிலோன்.

அவர் வந்த வழியைச் சொல்கிறேன், பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள். 1982 ஜூலையில் பிறந்தவர். முதல் பிரெஞ்சு விண்வெளிப் பயணி ழான்-லூ க்ரெத்தியென் பூமிக்குத் திரும்பியதும் அதே மாதம்தான். 1996-இல் க்ளோதி ஹைன்யெரே ரஷ்யர்களின் மீர் நிலையத்துக்குப் போனபோது இவருக்குப் பதினான்கு வயது. ஆசை அப்போது பிடித்தது. ஆனால் நேராக ராணுவத்துக்கு ஓடவில்லை. துலூஸில் சுப்பாயெரோ என்ற பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் முடித்தார். பிறகு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்படிப்பு. அங்கே அவர் ஆராய்ந்தது சுழலும் பொறிக்குள் மனித உடல்: செயற்கை ஈர்ப்புக்காக ஆளைப் படுக்க வைத்துச் சுற்றும்போது தலையைத் திருப்பினால் மூளை எப்படிக் குழம்புகிறது என்பது. திரும்பி வந்து ஹெலிகாப்டர் நிறுவனம் ஒன்றில் விமானி அறை வடிவமைப்பில் கொஞ்ச காலம் வேலை. 2005-இல்தான் விமானப்படை.

2008 முதல் 2012 வரை கஸோ தளத்தில் கராகல் ஹெலிகாப்டரில் போர்க்களத் தேடல்-மீட்பு. 2012 முதல் 2017 வரை பாரீஸ் பக்கம் வில்லாகுப்ளேயில் நாட்டின் தலைவர்களை ஏற்றிச் செல்லும் பிரிவு. அதன் பிறகு இங்கிலாந்தில் போஸ்கம் டௌனில் இருக்கும் சோதனை விமானிகள் பள்ளி. 2018-இல் பிரான்சின் முதல் பெண் ஹெலிகாப்டர் சோதனை விமானி ஆனார். 22 வகை ஹெலிகாப்டர்களில் 3,000 மணி நேரம் பறந்திருக்கிறார். 2022 நவம்பரில் 22,500-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து முழுநேர விண்வெளி வீரர்களாக எடுத்த ஐந்து பேரில் ஒருவர். பதினான்கு வயதில் பிடித்த ஆசை நாற்பது வயதில் கைக்கு வந்தது.

24 ஆகஸ்ட் 2025, இரவு

இன்னொன்று எழுத வேண்டும். இதை நான் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. காரைக்காலில் சொல்தா (பிரெஞ்சுச் சிப்பாய்) குடும்பம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்பா பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். நான் பிரான்சுக்குப் போய் ராணுவ ஹெலிகாப்டர் மெக்கானிக் ஆனேன், பிறகு விஞ்ச் (ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் ஆளை ஏற்றி இறக்கும் பொறி) இயக்குபவன். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான சென்-ஆந்திரேயில் இருக்கிறேன்.

விஞ்ச் வேலை என்னவென்று சொன்னால்தான் ஹெலிகாப்டர்காரர்களை ஏன் விண்வெளிக்கு எடுக்கிறார்கள் என்பது புரியும்.

பிஸ்கே வளைகுடாவில் ஒரு மீன்பிடிக் கப்பல், இரவு, மேல்தளத்தில் கால் உடைந்த ஆள். நாங்கள் மேலே நிற்கிறோம். கப்பல் எங்கள் வயிற்றுக்கு நேர் கீழே. விமானி முன் இருக்கையில் இருக்கிறார், அவருக்குக் கப்பலே தெரியாது. கதவோரம் இடுப்பில் பட்டையோடு வெளியே சாய்ந்து பார்ப்பவன் நான் மட்டும். நான் சொல்லச் சொல்ல அவர் நகர்த்துவார்: முன்னே ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று, நில். வலம் ஒன்று. நில். அந்த எண்கள் மீட்டர். கொடிமரம் ஆடுகிறது, அதன் வீச்சையும் நான் கணக்கில் வைத்துச் சொல்ல வேண்டும். கொக்கி முதலில் தண்ணீரிலோ தளத்திலோ பட வேண்டும், அதற்கு முன் கீழே இருப்பவர் கையால் தொட்டால் ரோட்டர் சேர்த்து வைத்த மின்சாரம் ஆளைத் தூக்கி அடிக்கும். இத்தனைக்கும் நடுவில் விமானி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். கண்ணால் பார்க்காத இடத்துக்கு மேலே, இன்னொருவன் குரலை மட்டும் நம்பி, ஏழு எட்டு டன் எந்திரத்தை அசையாமல் பிடித்திருப்பார்.

நல்ல விமானிகளோடும் பறந்திருக்கிறேன், சுமாரானவர்களோடும் பறந்திருக்கிறேன். கைத்திறனில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மற்றவன் சொல்வதைக் கேட்கத் தெரியுமா, தெரியாதா, அங்கேதான் வித்தியாசம்.

26 ஆகஸ்ட் 2025

லெ போர்-இலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணே, விஞ்ச் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் விண்வெளியில் விஞ்ச் எங்கே இருக்கிறது?"

இருக்கிறது தம்பி. நான்சி கரி என்று ஒருவர். அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானி, பயிற்சி கொடுத்தவரும்கூட. 1998 டிசம்பரில் எண்டெவர் ஷட்டிலில் (அமெரிக்காவின் விண்வெளி ஓடம்) போனார். விண்வெளி நிலையத்தின் முதல் இரண்டு துண்டுகளை, ரஷ்யர்களின் ஸாரியாவையும் அமெரிக்கர்களின் யூனிட்டியையும், சேர்த்தது அந்தப் பயணத்தில்தான். ஸாரியாவை எந்திரக் கையால் பிடித்து யூனிட்டியின் மேல் கொண்டுவந்தவர் அவர். சேர வேண்டிய இடம் அவர் கண்ணுக்கு நேராகத் தெரியவில்லை, நடுவில் யூனிட்டி மறைத்தது. கேமராப் படங்களையும் கணினி காட்டிய அளவுகளையும் வைத்தே செய்தார். இன்று நிலையம் என்று நாம் இரவில் மொட்டை மாடியிலிருந்து பார்க்கிற வெளிச்சம் அப்படித் தொடங்கியது.

விண்நடையிலும் இதே கதைதான். எந்திரக் கையின் நுனியில் கால் மாட்டி நிற்பவர் குரல் கொடுப்பார், உள்ளே இருப்பவர் அதைக் கேட்டுக் கையை நகர்த்துவார். முதன்முதல் இதை நாசா ஒளிபரப்பில் கேட்டபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பேச்சேதான், அலகு மட்டும் அடி.

27 ஆகஸ்ட் 2025

சுனிதா வில்லியம்ஸைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டீர்கள், "அவர் போர் விமானிதானே" என்று. இல்லை. அமெரிக்கக் கடற்படையில் அவர் ஓட்டியது ஹெலிகாப்டர். எச்-46, முன்னும் பின்னும் ரோட்டர் வைத்த பெரிய எந்திரம், கப்பலுக்குக் கப்பல் சாமானும் ஆட்களும் கொண்டு போவது. 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி மயாமியை அடித்தபோது நிவாரணத்துக்குப் போன ஹெலிகாப்டர் பிரிவுக்கு அவர் பொறுப்பு. சூறாவளி என்றால் என்ன என்று இந்தத் தீவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பெலால், கரான்ஸ் இரண்டையும் இப்போதுதானே பார்த்தோம்.

1993-இல் கடற்படையின் சோதனை விமானிகள் பள்ளி. அங்கிருந்து நாசாவின் ஹூஸ்டன் மையத்துக்குப் போனபோது ஜான் யங் பேசியதைக் கேட்டாராம். நிலவில் இறங்குவதற்காகத் தான் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதை யங் சொல்ல, அட, அது எனக்கு ஏற்கெனவே தெரியுமே என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. 1998-இல் நாசா எடுத்தது. மூன்று பயணங்கள், மொத்தம் 608 நாள், ஒன்பது விண்நடை. கடைசிப் பயணம் 2025 மார்ச்சில் முடிந்தது, எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

30 ஆகஸ்ட் 2025

முதல் நாள் நான் எழுதியதைப் படித்துவிட்டு அந்தத் தம்பியே (சென்-பெனுவா அம்மாவின் தம்பி) எழுதியிருக்கிறார். கோபமாகத்தான். "நான் காற்றில் சொல்லவில்லை, ஷட்டில் காலத்தில் ஜெட் விமானிகளைத்தான் எடுத்தார்கள்" என்கிறார்.

அவர் பேச்சுக்கு வேர் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. ஷட்டிலில் தளபதிக்கும் விமானிக்கும் இரண்டு முன் இருக்கைகள். அந்த இருக்கைகளுக்கு ஜெட் விமானத்தில் குறைந்தது 1,000 மணி நேரம் பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்பது நாசாவின் விதி. விதியில் நியாயமும் உண்டு. ஷட்டில் திரும்பும்போது அது எஞ்சின் இல்லாத கிளைடர், மிக வேகமாக ஓடுதளத்துக்கு வரும், இரண்டாவது முயற்சி கிடையாது. ஆகவே ஹெலிகாப்டர்காரர்களுக்குப் பின் இருக்கை. பயணச் சிறப்பு வல்லுநர் என்ற பெயரில் போனார்கள்.

ஆனால் பின் இருக்கையில் போனவர்கள் செய்ததைப் பாருங்கள். ராபர்ட் ஸ்டூவர்ட், வியட்நாமில் ஆயுத ஹெலிகாப்டர் ஓட்டியவர். அமெரிக்கத் தரைப்படையிலிருந்து நாசாவுக்குப் போன முதல் ஆள். 1984 பிப்ரவரியில், கயிறு எதுவும் இல்லாமல் முதுகில் உந்து பொறியை மாட்டிக்கொண்டு விண்வெளியில் பறந்த முதல் இருவரில் ஒருவர். மற்றவர் ப்ரூஸ் மெக்காண்ட்லெஸ். புரூஸ் மெல்னிக், கடலோரக் காவல்படையின் மீட்பு ஹெலிகாப்டர் விமானி, 1990-இல் போனார். வெண்டி லாரன்ஸ், கடற்படை ஹெலிகாப்டர், 1995.

இப்போது ஷட்டில் இல்லை. குடை விரித்து இறங்கும் கலங்கள் வந்துவிட்டன, முன் இருக்கையும் திறந்துவிட்டது. ஆன் மெக்லேன் தரைப்படையின் கயோவா ஹெலிகாப்டர் விமானி, ஈராக்கில் 216 போர்ப் பறப்புகள். 2025 மார்ச்சில் ட்ராகன் கலத்தின் தளபதியாகப் போய் ஆகஸ்ட் 9-ஆம் தேதி திரும்பினார். ஸ்டார்லைனர் கலம் ஆட்களோடு போன முதல் பயணத்தில் சுனிதா விமானி இருக்கையில் இருந்தார். தம்பி, நீங்கள் சொன்ன கதவு இருந்தது உண்மை. இப்போது பூட்டு இல்லை.

31 ஆகஸ்ட் 2025

சண்டை முடிந்தது. நன்றி என்று எழுதியிருக்கிறார். பிள்ளையை பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலைப் பக்கம் ஹெலிகாப்டரில் ஒரு சுற்று கூட்டிப்போவதாகவும் எழுதியிருக்கிறார். தாய்மாமன் கடமை! விடியற்காலையில் போங்கள், பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும்.

6 செப்டம்பர் 2025

மேகம் என்றதும் நிலவைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

நம் தீவின் மலைகளுக்குள் இருக்கும் மாஃபாத்துக்குச் சாலை கிடையாது. கால்நடையாகப் போக வேண்டும், அல்லது ஹெலிகாப்டர். எரிவாயு சிலிண்டர், அரிசி மூட்டை, சிமெண்ட் எல்லாம் வலையில் தொங்கிக்கொண்டுதான் போகும். சலாஸிப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்ப்பேன். பாரம் கீழே கயிற்றில் ஆடும். அது ஆடுகிற திசைக்கே விமானி எந்திரத்தைக் கொஞ்சம் கொண்டுபோவார், ஆட்டம் அடங்கும். தரை நெருங்கும்போது காற்று மண்ணைக் கிளப்பும். உலர்ந்த நாளில் ஒரு சில நொடி இறங்குமிடமே தெரியாது. எதை வைத்து நிற்கிறோம் என்று விமானிக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும்: ஒரு பாறை, ஒரு மரம், கூரையின் ஓரம்.

நிலவிலும் இதே பிரச்சினை. அப்போலோ கலம் இறங்கும்போது கடைசி மீட்டர்களில் எஞ்சின் தூசியைக் கிளப்பித் தரையை மறைத்தது. அது மட்டுமா, கலத்தை ஓட்டும் முறையே ஹெலிகாப்டர் மாதிரி. உந்துவிசை மேல்நோக்கித் தாங்குகிறது, பக்கவாட்டில் போக எந்திரத்தையே சாய்க்க வேண்டும். அதனால்தான் அப்போலோ ஆட்களுக்கு ஹெலிகாப்டர் பயிற்சி கொடுத்தார்கள்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, இதை மகளிடம் கணக்காகவே போடச் சொல்லுங்கள். நிலவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு. மிதந்து நிற்கத் தேவையான உந்துவிசையும் ஆறில் ஒரு பங்கு. அப்படியென்றால் இங்கே ஐந்து பாகை சாய்த்தால் கிடைக்கும் பக்கவாட்டு வேகமாற்றம் அங்கே கிடைக்க எவ்வளவு சாய்க்க வேண்டும்? முப்பது பாகைக்குக் கிட்டத்தட்ட வரும். நகர்வதை நிறுத்தவும் அதே அளவு எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். ஹெலிகாப்டரில் மட்டும் பழகியவனுக்கு அங்கே வயிறு கலங்கும். இதற்காகவே ஜெட் எஞ்சினால் எடையில் ஆறில் ஐந்து பங்கைத் தாங்கிக்கொள்ளும் ஒரு பயிற்சிப் பொறியைச் செய்தார்கள். 1968 மே மாதம் ஆர்ம்ஸ்ட்ராங் அதிலிருந்து கடைசி நேரத்தில் வெளியே குதித்துத் தப்பினார். அடுத்த வருஷம் நிலவில் இறங்கினார்.

இப்போது மறுபடி நிலவுக்குப் போகும் ஆர்டெமிஸ் திட்டத்துக்காக மறுபடியும் ஹெலிகாப்டர். கொலராடோ மலைகளில் தேசியக் காவல்படையின் உயர்மலைப் பயிற்சித் தளம் ஒன்று இருக்கிறது. நாசா அங்கே விண்வெளி வீரர்களை அனுப்பிப் பனியிலும் தூசியிலும் இறங்கப் பழக்குகிறது. ஜெட் ஓட்டியவர்களும் அங்கே ஹெலிகாப்டரில்தான் உட்காருகிறார்கள்.

7 செப்டம்பர் 2025

"பொறியியல் முதலா, விமானி முதலா?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு வழியிலும் போயிருக்கிறார்கள்.

அதெனோ பொறியியல் முதலில். பிரிட்டனின் டிம் பீக் நேர் எதிர். பள்ளி முடித்ததும் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரி, பட்டம் இல்லை. ஹெலிகாப்டர் விமானி, பயிற்றுநர், அப்பாச்சி போர் ஹெலிகாப்டர், பிறகு அதே போஸ்கம் டௌன் பள்ளி. பட்டம் வாங்கியது 2006-இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு. 2009-இல் ஐரோப்பிய முகமை எடுத்தது. 2015 டிசம்பரில் போய் 186 நாள் இருந்தார். ஃப்ராங்க் ரூபியோ இன்னொரு ரகம்: பிளாக்ஹாக் ஹெலிகாப்டர் விமானியாகப் போருக்குப் போய்விட்டு, திரும்பி வந்து மருத்துவம் படித்து ராணுவ மருத்துவர் ஆனவர். 2022 செப்டம்பரில் ஆறு மாதத்துக்கென்று போனார். வந்த சோயுஸ் கலத்தில் குளிர்விப்பான் கசிந்தது, மாற்றுக் கலம் வரும்வரை இருக்க நேர்ந்தது, 371 நாள் கழித்துத் திரும்பினார். ஒரே பயணத்தில் அதிக நாள் இருந்த அமெரிக்கர் அவர்தான்.

மூன்று பேரிடமும் ஹெலிகாப்டரோடு இரண்டாவதாக ஒரு தொழில் இருந்தது. பொறியியல், சோதனைப் பறப்பு, மருத்துவம். வெறும் பறந்த மணிநேரக் கணக்கு போதாது.

13 செப்டம்பர் 2025

ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன், பிள்ளைக்கு ஆசையை மட்டும் ஊட்டிவிட்டு விலகிக்கொள்ளக்கூடாது என்று.

22,500 பேரில் ஐந்து. அதற்கு முந்தைய தேர்வு 2008-இல், 8,413 பேரில் ஆறு. நடுவில் பதின்மூன்று வருஷம் கதவே திறக்கவில்லை. பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், அவள் வயது சரியாக இருக்கும் ஒரு வருஷத்தில் தேர்வு வர வேண்டும். விண்வெளிக்காக மட்டும் ராணுவத்தில் சேர்ந்தால் இருபது வருஷம் காத்திருப்பாகவே போய்விடும். ராணுவம் என்றால் போர்க்களமும் உண்டு, நண்பர்கள் திரும்பாத நாளும் உண்டு. அதைத் தாயும் மகளும் உட்கார்ந்து பேச வேண்டும். நான் பார்த்த நல்ல ஹெலிகாப்டர் விமானிகள் எல்லாரும் அந்த வேலைக்காகவே அந்த வேலையைச் செய்தவர்கள். விஞ்சில் மேலே வந்த ஆள் உயிரோடு இருக்கிறான் என்று நான் கத்தியதும் விமானியின் தோள் லேசாக இறங்கும், பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். அது பிடித்தவள் என்றால் போகட்டும். விண்வெளி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவள் காலம் வீணாகாது.

14 செப்டம்பர் 2025

சரி, இங்கிருந்து எப்படித் தொடங்குவது.

லிசேயில் பே-ஈ-ஆ வகுப்பு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பள்ளி மாணவர்களுக்கான விமானவியல் தொடக்கச் சான்றிதழ் அது. வானிலை, காற்றியக்கம், விமானத்தின் பாகங்கள், வரலாறு எல்லாம் வரும். வரலாற்றில் நம் ஊர்க்காரர் இருக்கிறார், மறக்க வேண்டாம்: ரோலாண் கரோஸ், சென்-தெனியில் பிறந்தவர், 1913-இல் மத்தியதரைக் கடலை முதன்முதல் விமானத்தில் தாண்டியவர். நம் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

பாக் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்ததும் இரண்டு வழி. ஒன்று, அறிவியல் ப்ரெபா (போட்டித் தேர்வுக்கான ஆயத்த வகுப்பு) இரண்டு வருஷம், பிறகு போட்டித் தேர்வு எழுதி சலோன்-தெ-ப்ரொவான்ஸில் விமானப்படை அதிகாரிகள் பள்ளி. ப்ரெபாவுக்கு உடனே கடல் தாண்ட வேண்டாம், சென்-தெனியில் லெகோந்த் தெ லில் லிசேயிலேயே இருக்கிறது. இரண்டு, பாக் சான்றிதழோடு ஒப்பந்த விமானியாக நேராகச் சேர்வது. இதில் சீக்கிரம் பறக்கலாம், ஆனால் படிப்பைப் பிறகு தனியாகக் கட்டி எழுப்ப வேண்டும். ஹெலிகாப்டருக்கு எந்தப் படையிலிருந்து வந்தாலும் தாக்ஸ் ஊரில் தரைப்படையின் பள்ளியில்தான் அடிப்படைப் பயிற்சி. நல்ல ஊர், மழை அதிகம்.

பிள்ளை விண்வெளியையும் மனதில் வைத்திருப்பதால் முதல் வழியே என் பேச்சு. ஐரோப்பிய முகமை கேட்பது அறிவியல், பொறியியல், மருத்துவம் இவற்றில் முதுகலைப் பட்டம், மூன்று வருஷ அனுபவம், நல்ல ஆங்கிலம். சோதனை விமானிப் பள்ளிச் சான்றும் பட்டத்துக்கு ஈடு. ஆங்கிலத்தை இன்றே தொடங்கட்டும். பிரெஞ்சும் கிரியோலும் வீட்டில் தமிழும் பேசும் பிள்ளைக்கு நாலாவது மொழி பாரமாக இருக்காது.

20 செப்டம்பர் 2025

அம்மா மறுபடியும் எழுதியிருக்கிறார். மகள் கண்ணாடி போட்டிருக்கிறாளாம், அதைச் சொல்லப் பயந்து இத்தனை நாள் சும்மா இருந்தாராம்.

தங்கச்சி, பயப்பட வேண்டாம். விண்வெளி முகமைக்குக் கண்ணாடி தடை இல்லை. கண்ணாடியோ லென்ஸோ போட்டுப் பார்வை முழுதாக இருந்தால் போதும். ராணுவ விமானிக்குத்தான் அளவு கடுமை, நிறம் பிரித்தறிவதையும் பார்ப்பார்கள். அதை முடிவு செய்வது படையின் மருத்துவர்கள், நானோ உங்கள் தம்பியோ இல்லை. ஆகவே ப்ரெபாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் காட்டி, பவர் எவ்வளவு, கூடிக்கொண்டே போகிறதா, நிறம் சரியாகத் தெரிகிறதா என்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு சென்-தெனியில் விமானப்படை ஆட்சேர்ப்பு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அவர்கள் முடியாது என்றால் துலூஸ் பொறியியல் வழி அப்படியே இருக்கிறது, அதெனோவும் அங்கேதானே தொடங்கினார். அவர்கள் சொல்வதை இங்கே எழுதுங்கள், எந்த ப்ரெபாப் பிரிவு என்று அப்புறம் பார்ப்போம்.